வால்வு புதிது என்று ஒரு தாள்

மார்ச் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுகிறேன். இங்கே நானும் உங்கள் மகளும் சௌக்கியம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? அண்ணிக்கு ரத்த அழுத்தம் இறங்கியதா? மாத்திரையை நீங்களே பக்கத்தில் நின்று கொடுங்கள். கொடுத்தாயிற்று என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கிற ஆள் நீங்கள்.

சுட்டி இங்கே வந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. விடிந்ததும் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் பறக்கும் கிளப்புக்கு ஓடுகிறாள். சாயங்காலம் வந்து என் கட்டிங் மேஜைமேல் ஏறி உட்கார்ந்து கதை அளக்கிறாள். நான் விமானங்களுக்கு மூடுதுணி தைத்துக்கொண்டே கேட்கிறேன். அவள் இல்லாவிட்டால் இந்த வீட்டில் தையல் மெஷின் சத்தம் மட்டும்தான் இருக்கும்.

போன வாரம் விசாரணை அலுவலகத்திலிருந்து நாலு பெட்டிகள் வந்தன. என் வீட்டுக்காரரோடு விழுந்த விமானத்தில் மிச்சம் அவ்வளவுதான். உள்ளே இருப்பது டர்போ. மேலே போகப் போகக் காற்று மெலியும்போது இன்ஜினுக்குக் காற்றை அமுக்கிக் கொடுக்குமே, அதுவும் அதன் குழாய்களும், அழுத்தம் மிஞ்சினால் தானாகத் திறந்து காற்றை வெளியே விடும் வால்வும். நம் குக்கர் வால்வு மாதிரி என்று அவர் எனக்கு விளக்கியது அதைத்தான். இன்ஜின் வெடித்ததே தவிர இவற்றில் ஒரு கீறல் இல்லை.

இதை விற்றுவிடலாம் என்று பார்க்கிறேன். பராமரிப்புப் புத்தகமும் கூடவே வந்திருக்கிறது. அக்டோபர் 14-ஆம் தேதி, ‘அழுத்த வால்வு கழற்றப்பட்டது, புதிய வால்வு மாட்டப்பட்டது’ என்று உங்கள் கையெழுத்து. வாங்குகிறவர்களுக்கு அது போதாதாம். மாட்டிய மெக்கானிக் தனியாக ஒரு தாளில் எழுதித் தர வேண்டுமாம். ஒரு தாள் எழுதி அனுப்புங்கள் அண்ணா.

இன்னொன்று. விசாரணை முடிவைக் கிளப்பில் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். ‘விபத்துக்குக் காரணம் விமானியின் கவனக்குறைவு. வால்வு இருபது நாள் முன்புதான் மாற்றப்பட்டது, எனவே அதில் குறையில்லை. விமானி அளவுக்கு மீறி அழுத்தம் கொடுத்திருக்கிறார்.’ புதிதாகச் சேரும் பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக் காட்ட வேண்டும். சுட்டியும் எழுதினாள். எழுதிவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை. என் கண்ணெதிரே என் புருஷனை முட்டாள் என்று பாடம் எடுக்கிறார்கள்.

அன்புடன்,
தங்கை


மார்ச் 24

அருமைத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் நலம். முதுகுவலி என்னை விட்டுப் போவதாக இல்லை. உன் அண்ணியைவிட அதுதான் என்மேல் அதிகப் பிரியமாக இருக்கிறது. இந்த ஊர்ப் பட்டறையில் பெரிய பெரிய விமானங்கள். ஒரு டயர் என் உயரம். சுட்டியைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறாய் என்று தெரியும். அந்த ஒரு நிம்மதியில்தான் இங்கே தூங்குகிறேன்.

டர்போவை விற்கிற வேலை உனக்கு வேண்டாம். விழுந்த விமானத்துச் சாமான் என்று தெரிந்தால் எவனும் தொடமாட்டான், தொட்டாலும் உன் தலையில் மிளகாய் அரைத்துவிடுவான். காயலான் கடைக்காரனைக் கூப்பிட்டு நாலு பெட்டியையும் தூக்கிக் கொடு. அந்த வால்வை மட்டும் தனியே எடுத்து, சுத்தியலால் ஒரு போடு போட்டுக் குப்பையில் எறி. எவனாவது எடுத்து எதிலாவது மாட்டித் தொலைப்பான்.

பலகையில் ஒட்டியதைப் பற்றி மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. நாலு நாள் ஒட்டியிருக்கும், அப்புறம் காற்றில் போய்விடும்.

உன் அண்ணன்


ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அண்ணியை விசாரித்ததாகச் சொல்லுங்கள். எனக்கு ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி தேவைப்படுகிறது, மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை.

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எனக்கு ஒன்றும் புரியவில்லை. வால்வு புதிது. இருபதே நாள் ஓடியது. புது வால்வை யாராவது சுத்தியலால் அடிப்பார்களா? அந்தப் பெட்டியிலேயே மதிப்புள்ள சாமான் அதுதான் என்கிறார், பூச்சிமருந்து தெளிக்க விமானம் வைத்திருக்கும் ஒருவர். வந்து எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பிப் பார்த்தார். “மெக்கானிக் உங்க கூடப்பிறந்த அண்ணனாமே, ஒரு தாள் வாங்கிக் குடுங்கம்மா, கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்கிறேன்” என்றார்.

அந்த அக்டோபர் 14 எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு மத்தியானம் நீங்கள் எங்கள் வீட்டில் சாப்பிட்டீர்கள். ஒரு வாரத்தில் வெளிநாடு போகிற சந்தோஷம் உங்களுக்கு. வழக்கமாக உங்கள் கையைக் கழுவ அரைக்கட்டி சோப்பு போகும். அன்றைக்குத் தண்ணீரிலேயே கை சுத்தமாகிவிட்டது. நான்கூடக் கிண்டல் செய்தேன், “என்னண்ணா, வேலை பார்த்தீங்களா, வேடிக்கை பார்த்தீங்களா”ன்னு.

தாளை அனுப்புங்கள். காத்திருக்கிறேன்.

தங்கை


ஏப்ரல் 29

தங்கைக்கு,

பதில் எழுதத் தாமதம். வேலை கழுத்தை நெரிக்கிறது.

நீ சின்ன வயசிலிருந்தே இப்படித்தான். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாய். சாப்பிட்டபோது கை எப்படி இருந்தது என்று கணக்கு வைத்திருக்கிறாயே, உன்னை விசாரணை அலுவலகத்தில் வேலைக்கு வைத்திருக்க வேண்டும். கையுறை போட்டு வேலை செய்தால் கை சுத்தமாகத்தான் இருக்கும்.

கேட்ட தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். ‘அழுத்த வால்வை அக்டோபர் 14 அன்று நானே கழற்றிப் புதியது மாட்டினேன். நல்ல நிலையில் உள்ளது.’ கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மருந்து தெளிக்கிறவன் தலையில் கட்டிவிட்டு இந்தப் பேச்சை இத்தோடு விடு.

கோபப்படாதே, அண்ணன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். மாப்பிள்ளைக்கு எப்போதும் அவசரக் கை. பலகையில் எழுதியிருப்பது கசக்கத்தான் செய்யும், ஆனால் பொய் இல்லை. அதை நீ ஏற்றுக்கொண்டால்தான் உனக்கு நிம்மதி.

சுட்டிக்கு என் முத்தம்.

அண்ணன்


மே 11

அன்புள்ள அண்ணனுக்கு,

தாள் கிடைத்தது. உங்கள் கையெழுத்து இந்த வயசிலும் முத்து முத்தாக இருக்கிறது. அண்ணி நலமா?

நல்ல சேதி. டர்போ விற்றாகிவிட்டது. மருந்து தெளிக்கிறவருக்கு இல்லை, நம் பறக்கும் கிளப்புக்கு! கிளப்பை நடத்துகிற கேப்டன் உங்கள் தாளைப் பார்த்தார். “உங்க அண்ணன் கையெழுத்துன்னா அதுக்குமேல செக் பண்ண என்ன இருக்கு” என்று சொல்லி இன்று காலையே பெட்டிகளை ஏற்றிப் போய்விட்டார். பிள்ளைகள் ‘தகரடப்பா’ என்று கூப்பிடுவார்களே, நீலக் கோடு போட்ட பயிற்சி விமானம், அதில் மாட்டப்போகிறார்களாம். பத்து நாள் வேலை. இந்தக் கடிதத்தை நீங்கள் பிரிக்கும்போது சுட்டி அதில் பறந்துகொண்டிருப்பாள். தனியாகப் பறக்க அனுமதி கிடைத்துவிட்டது அவளுக்கு. வீட்டில் அவள் கால் தரையில் படவில்லை.

பெட்டியைக் கொடுக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. டர்போவை அவர் முதன்முதலில் மாட்டிய அன்று டார்ச் பிடித்தது நான்தான். நட்டை முடுக்கிவிட்டு, நட்டிலிருந்து வால்வு உடம்புக்கு ஒரு கோடு இழுக்க வேண்டும், யாராவது அப்புறம் கழற்றினால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும் என்றார். அதற்கென்று இருக்கிற பெயிண்ட் அன்றைக்குத் தீர்ந்துபோயிருந்தது. “உன் நெயில் பாலிஷைக் குடுடி” என்றார். கல்யாணத்துக்கு வாங்கிய சிவப்பு. நாலு நட்டுக்கு நாலு கோடு. இருக்கிற நகத்தையெல்லாம் விட்டுவிட்டு வால்வுக்கு அலங்காரம் செய்கிற மனுஷன் இவர் ஒருவர்தான் என்று சிரித்தேன்.

அண்ணா, அந்த நாலு கோடும் இன்னும் அப்படியே இருக்கிறது. ஒன்றுகூட உடையவில்லை. வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை


மே 23

தங்கைக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. உடனே எழுதுகிறேன்.

எந்தத் தேதியில் மாட்டுகிறார்கள்? சுட்டி எந்தெந்த நாள் பறக்கிறாள்? கேப்டனிடம் சொல்லி அந்தச் சாமானைத் திரும்ப வாங்கிக்கொள். எவ்வளவு கேட்டாலும் நான் தருகிறேன். இங்கே ஒருவர் அதே டர்போவைத் தேடுகிறார். அது தகரடப்பாவில் இருக்க வேண்டாம்.

உன் அண்ணிக்கு உடம்பு சரியில்லை. அம்மாவைப் பார்க்கச் சுட்டி உடனே கிளம்பி வர வேண்டும் என்று சொல். படிப்பு எங்கே போய்விடப்போகிறது, அப்புறம் முடிக்கலாம்.

நேற்றுக் கிளப்புக்குப் போன் செய்து அவளிடமும் பேசினேன். கொஞ்ச நாள் பறக்காதே என்றேன். அவள் பிடிவாதம் உனக்குத் தெரியும். நீ சொன்னால் கேட்பாள். தயவுசெய்து சொல்.

அண்ணன்


ஜூன் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணிக்கு உடம்பு சரியில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதே தபாலில் அண்ணியின் கடிதமும் வந்தது. ஒரு குறையும் இல்லையாம், சந்தைக்குத் தினமும் நடந்து போகிறாராம். கேட்கவே சந்தோஷம்.

நீங்கள் போனில் பேசியதைச் சுட்டி வந்து நடித்தே காட்டினாள். “அப்பா பறக்காதேன்னார். ஏம்பான்னேன். அங்க மழையான்னு கேட்டார். அப்புறம், கெட்ட கனவு கண்டேம்மான்னார். அத்தே, எங்கப்பாவுக்குக் கனவெல்லாம் வருமா? படுத்தா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டாரே!” விழுந்து விழுந்து சிரித்தாள். அப்படியே கிளம்பிப் போய்ப் பறந்துவிட்டும் வந்தாள்.

கனவுக்காக நான் எப்படி அந்தப் பெண்ணைத் தடுப்பேன்? கேப்டனிடம் எந்த முகத்தோடு போய்ப் பெட்டியைத் திருப்பிக் கேட்பேன்? உங்கள் கையெழுத்துப் போட்ட தாள் அவர் மேஜையில் இருக்கிறது. வால்வு புதிது, நல்ல நிலையில் உள்ளது. வேறு காரணம் இருந்தால் சொல்லுங்கள்.

இரண்டு வழி இருக்கிறது. அக்டோபர் 14 அன்று என்ன செய்தீர்கள் என்று உங்கள் கையால் எழுதி எனக்கு அனுப்புங்கள். அது வந்து சேர்ந்த நிமிஷம் நான் ஓடிப்போய் விமானத்தை நிறுத்துகிறேன். அவ்வளவு நாள் பொறுக்க முடியாது என்றால், போனை எடுத்து உங்கள் மகளிடமே நேராகச் சொல்லிவிடுங்கள். காலை எட்டு மணிக்குக் கிளப்பில்தான் இருப்பாள். எது உங்களுக்குச் சுலபமோ அதைச் செய்யுங்கள்.

தங்கை


ஜூன் 15

அம்மாடி,

நான் வால்வை மாற்றவில்லை.

புது வால்வு வந்து சேரவில்லை. இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். எனக்கு ஒரு வாரத்தில் விமான டிக்கெட். கையில் இருந்த வேலைகளை முடித்ததாகக் காட்டினால்தான் பழைய முதலாளி நற்சான்று தருவார், அது இல்லாமல் இங்கே சேர முடியாது. பழைய வால்வை விரலால் அழுத்திப் பார்த்தேன். இறுக்கமாக இருந்தது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் இரண்டு தட்டுத் தட்டினேன், திறந்தது. இன்னும் ஒரு மாதம் தாங்கும், புது வால்வு வந்ததும் யாராவது மாற்றிவிடுவார்கள் என்று நினைத்துப் புத்தகத்தில் எழுதிவிட்டேன். கழற்றக்கூட இல்லை. நீ பார்த்த கோடு உண்மைதான்.

மாப்பிள்ளை வந்து கேட்டார். “மாத்தியாச்சா மச்சான்?” “மாத்தியாச்சு மாப்ளே, தைரியமா ஏறுங்க” என்றேன். அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேலே அந்த வால்வு திறக்காமல் சிக்கியிருக்கும். அவர் அழுத்தம் கூட்டவில்லை. அதுவாகக் கூடிக் கூடி இன்ஜினை உடைத்திருக்கும்.

விசாரணைக்காரர்கள் எழுதிக் கேட்டபோது சொல்லியிருக்கலாம். லைசென்ஸ் போய்விடும், ஜெயிலுக்கும் போவேன் என்று பயந்தேன். செத்தவர் திரும்பி வரப்போவதில்லை, இருக்கிறவனாவது பிழைக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

உன் காலில் விழுகிறேன். இதைப் படித்த உடனே ஓடு. சுட்டியை அந்த விமானத்தில் ஏற விடாதே. அவளுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம். நீ என்ன தண்டனை கொடுத்தாலும் சரி, என் மகளிடம் மட்டும் சொல்லாதே.

உன் பாவப்பட்ட அண்ணன்


ஜூன் 28

நலம் விசாரிக்கப்போவதில்லை. இனிமேல் நீங்கள், வாருங்கள் என்ற மரியாதையும் இல்லை. உனக்கு எழுதுகிறேன்.

டர்போவை நான் யாருக்கும் விற்கவில்லை. நாலு பெட்டியும் என் கட்டிங் மேஜைக்குக் கீழே, மிச்சத் துணிமூட்டைக்குப் பின்னால் இருக்கின்றன. கேப்டன் அவற்றைக் கண்ணாலும் பார்த்ததில்லை.

பயிற்சி விமானத்தில் டர்போ கிடையாது. அதில் மாட்ட இடமும் கிடையாது, சட்டமும் விடாது. மூடுதுணி தைக்கிற எனக்கே தெரியும். கிளப் வாசலில் டீ கொண்டுவருகிறவருக்கும் தெரியும். முப்பது வருஷம் மெக்கானிக்காக இருந்த உனக்குத் தெரியவில்லை. உன் மகள் என்றதும் மூளை வேலை செய்யவில்லை பார். என் புருஷன் ஏறும்போது அந்த மூளை எவ்வளவு நிதானமாக வேலை செய்தது!

பெட்டி வந்த அன்றே நாலு கோட்டையும் பார்த்துவிட்டேன். விசாரணை அலுவலகத்துக்கு ஓடினேன். “நெயில் பாலிஷைக் காட்டி அறிக்கையை மாத்தச் சொல்றீங்களாம்மா” என்று ஒரு அதிகாரி சிரித்தார், பக்கத்து மேஜைக்காரரும் சிரித்தார். மெக்கானிக்கே எழுதித் தந்தால் பார்க்கலாம் என்றார்கள். அதற்குத்தான் இத்தனை கடிதமும். உன்னிடம் நேரே கேட்டிருந்தால், அந்தக் கோடு நான் போட்டது, சிவப்பு பெயிண்ட் என்று சொல்லியிருப்பாய். “அவசரக் கை” என்று செத்தவரைப் பற்றி எழுதிய கைதானே அது.

முதல் கடிதத்திலேயே நீ உண்மையைச் சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன், திட்டியிருப்பேன், அப்புறம் மன்னித்தும் இருப்பேன். ஒரே வயிற்றில் பிறந்தோமே.

உன் கடிதத்தை அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். அதற்கு முன்னால் சுட்டியிடம் கொடுத்தேன். அவள்தான் எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினாள். கடைசி வரியையும் சேர்த்து.


ஜூலை 10

நீ மனுஷிதானா? பெற்றவன் வயிற்றில் நெருப்பைக் கொட்டி வேடிக்கை பார்த்திருக்கிறாய். நான் செய்தது தப்பு, ஒரு நிமிஷத் தப்பு. நீ மூன்று மாதம் உட்கார்ந்து ஊசியும் நூலுமாகத் தைத்திருக்கிறாய். அந்தக் குழந்தையை வைத்து என்னைப் பிடித்தாயே, உனக்குக் கூசவில்லையா?

என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அண்ணி பேசுவதில்லை. அதெல்லாம் போகட்டும். சுட்டி என்ன சொன்னாள்? கிளப்புக்கு எத்தனை தடவை போன் செய்தாலும் அவள் வர மறுக்கிறாளாம். எனக்கு ஒரு வரி எழுதச் சொல். ஒரு வரி போதும்.


ஜூலை 27

அப்பாவுக்கு,

நான் நலம். ஒரு வரி கேட்டீர்களாம், கொஞ்சம் கூடவே எழுதுகிறேன்.

நான் இப்போது அத்தை வீட்டில் இல்லை. கிளப் விடுதியில் ஒரு கட்டில் கிடைத்திருக்கிறது. கிளம்பும்போது அத்தையிடம் கேட்டேன், “என்னை வெச்சுத்தானே தூண்டில் போட்டீங்க?” என்று. “உனக்கு ஒரு ஆபத்தும் இல்லன்னு எனக்குத் தெரியும். உங்கப்பாவுக்குத் தெரியாது. எனக்கு அது போதும்”னு சொன்னார். மழுப்பவில்லை, அழவில்லை. மெஷினை நிறுத்தக்கூட இல்லை. அவரை நான் மன்னிக்கவில்லை. ஆனால் கேட்டதற்கு உண்மையைச் சொன்னார்.

மாமா டர்போ இப்போது நிஜமாகவே விற்றுப்போயிற்று, அந்த மருந்து தெளிக்கிறவருக்கு. எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்து எடுத்துக்கொண்டார். வால்வை மட்டும் அலுவலகத்தில் ஆதாரமாக வைத்துக்கொண்டார்கள்.

பலகையில் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிது ஒட்டியிருக்கிறார்கள். ‘விமானி மேல் குறையில்லை. மாற்றாத வால்வை மாற்றியதாக மெக்கானிக் எழுதியதே காரணம்.’ கீழே உங்கள் பெயர். புதுப் பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக் காட்ட வேண்டும். “நீ எழுத வேணாம்மா” என்றார் கேப்டன். மாமாவைப் பற்றியதை எழுதினேனே, இதையும் எழுதினேன்.

உங்கள் கடிதங்களையெல்லாம் அத்தை தேதிவாரியாக மேஜைமேல் அடுக்கிவைத்திருந்தார். என் பறப்புப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அத்தையின் கடிதம் உங்களுக்குக் கிடைத்தது மே 22. உங்கள் உண்மை இங்கே வந்து சேர்ந்தது ஜூன் 26. அதற்கு நடுவில் நான் தகரடப்பாவில் ஒன்பது தடவை தனியாகப் பறந்திருக்கிறேன். ஒவ்வொன்றும் அந்த வால்வோடுதான் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருந்தீர்கள். ஒன்பதில் முதல் தடவை, கனவு என்று நீங்கள் சொன்னதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே போய் ஏறியது.

பயந்துவிட்டீர்கள், சொல்ல வாய் வரவில்லை என்று அம்மா எழுதியிருக்கிறார். கடைசியில் சொல்வதென்று முடிவு செய்தீர்களே, ஜூன் 15, அந்தக் காலையில் எட்டு மணிக்கு நான் போனுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன் அப்பா. நீங்கள் அதைத் தபாலில் போட்டீர்கள். அது வந்து சேர்வதற்குள் இன்னும் மூன்று தடவை பறந்தேன்.

அம்மா உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும். இனிமேல் அம்மாவுக்கு மட்டும் எழுதுகிறேன்.